முதல் ஓலையில் வந்த அந்நியன்

மகனே,

இந்த வார்த்தைக்குப் பக்கத்தில் உன் பெயர் வர வேண்டும். எந்தப் பெயரைப் போடட்டும் என்று உன் தங்கை ஆரோக்கியம் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள். இடத்தை விடு, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் அவள்தான். என் வாயில் வருகிறபடி எழுதினால் விழுப்புரம் ரயில் ஷெட்டில் உன் கூட்டாளிகள் சிரிப்பார்களாம். அதனால் கன்னியாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்த தமிழில் திருத்தித் திருத்தி எழுதுகிறாள். படிக்கும்போது உன் அம்மா பிரசங்க மேடையில் ஏறி நிற்கிற மாதிரி இருந்தால் அது அவள் வேலை. கோபம் மட்டும் என்னுடையது. அதில் கை வைக்க மாட்டேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் நான் பட்ட வெட்கத்தை நீ கேள். கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள் அல்லவா, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. உன் ஓலையைக் கேட்க நான் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்திருந்தேன். சாமியார் வாசித்தார். காலஞ்சென்ற சூசையின் குமாரன் தேசமணிக்கும் விழுப்புரம் லூர்துமேரிக்கும் என்றார். நம் கோயிலில் சூசை இல்லாத வீடு ஏது? லூர்துமேரிக்கும் பஞ்சமில்லை, எந்தக் கோயிலில் கல்லை விட்டெறிந்தாலும் ஒரு லூர்துமேரி மேல்தான் விழும். யாரோ அப்பன் இல்லாத பிள்ளை, நல்லபடியாக நடக்கட்டும் என்று சிலுவை போட்டுக்கொண்டேன். பிள்ளையைப் பெற்ற மகராசி எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஞானம்மா என் விலாவில் இடித்தாள்.

"இன்னாக்கா, உம் மவனுக்கு ஓல வாசிக்கிறாங்க, நீ யாரத் தேடிக்கினு கீறே?"

"எம் மவன் பேரு அது இல்லியே."

"அது எனக்கு இன்னா தெரியும்? நீதானே பெத்த."

பின்வரிசையில் இரண்டு பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பூசை முடிந்ததும் நேராகச் சாமியாரிடம் போனேன். இவர் புதுசு, நம் தமிழ்ப் பிள்ளை, தாடி கூட சரியாக முளைக்கவில்லை. ஞானஸ்நானப் பெயர் கோயில் புத்தகத்தில் அப்படியேதான் இருக்கும், ஊரில் கூப்பிடுகிற பெயரை வாசிக்கச் சொல்லி உங்கள் மகன் கேட்டுக்கொண்டான், அவ்வளவுதான் என்றார்.

"எந்த ஊர்ல சாமி அப்படிக் கூப்பிட்டாங்க?"

"விழுப்புரத்துல கூப்பிடறாங்களாம்மா."

"பெத்தது திண்டிவனத்துல சாமி. பெத்தவள ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோதே நீ ஆரம்பித்தாய். தட்டில் கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தாய். "எம்மா, வெள்ளக்காரனே மூட்ட கட்டிக்கினு போயிட்டான். அவன் ராஜா பேர இன்னும் நான் எதுக்குச் சுமந்துக்கினு திரியணும்? ஷெட்டுல என்னப் பாத்து, இன்னாடா ராஜா, எப்ப கப்பல் ஏறப்போறேன்னு கேக்கறானுங்க." இப்படிச் சொல்லிவிட்டு மடியிலிருந்து ஒரு காசை எடுத்து, ராஜா தலை மேலே தெரிகிற மாதிரி என் முன்னால் வைத்தாய். அந்தக் காசைப் பார்த்ததும் நான் சாப்பாட்டை விட்டு எழுந்துபோனேன். குழம்பில் உப்பு கூடிப்போனதால் எழுந்தேன் என்று நினைத்தாய் போல. ஏன் எழுந்தேன் என்று இப்போது சொல்கிறேன். பொறுமையாகப் படி. உன் ரயில் ஒன்றும் உன்னை விட்டுவிட்டு ஓடிவிடாது.

நீ பிறந்தது இங்கே, என் அம்மா வீட்டில், சித்திரை வெயிலில். அப்போது நம் கோயிலில் இருந்தவர் வெள்ளைக்காரச் சாமியார். இங்கிலீஷ்காரர் இல்லை, பிரெஞ்சுக்காரர். இதை நன்றாக மனதில் வை. பாண்டிச்சேரியிலிருந்து வந்தவர். இங்கிலீஷ்காரர் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது, கலெக்டர் வந்து போனால் நாற்காலியைக் கழுவச் சொல்வார். அவரிடம் ஒரு மட்டக்குதிரை இருந்தது. சாமியார் ஜெபம் சொல்ல வீட்டுக்குள் நுழைந்தால் அது வெளியே நின்று கூரை மேல் படர்ந்த பூசணிக் கொடியை மேய்ந்துவிடும். எங்கள் கொடியைப் பிஞ்சோடு மேய்ந்தது. என் அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஓடினாள். சாமியார் பின்னாலேயே ஓடிவந்து, "அத அடிக்காதே, என்ன அடி, அதுக்குப் பாவம் புண்ணியம் தெரியாது" என்றார். அந்த மனுஷர்தான் உனக்குப் பெயர் வைத்தார். நீ பிறந்த சமயம் வேதத்துக்காக உயிர் விட்ட ஒரு அர்ச்சியசிஷ்டவருடைய திருநாள். கோயில் சுவரில் படம் இருக்கிறதே, குதிரை மேல் உட்கார்ந்து பாம்பு மாதிரி ஒன்றை ஈட்டியால் குத்துகிறவர், அவருடைய பெயர். ஜார்ஜ். நம் நாக்குக்கு அது சார்சு.

எனக்கும் அப்போது உனக்கு இப்போது இருக்கிற அதே பயம்தான். "சாமி, இது ராஜா பேராச்சே, நமக்கு ஆவுமா?" என்று கேட்டேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. பூசணிக் கொடிக்காகக் கூட அப்படிச் சிவக்கவில்லை. உட்கார் என்று சொல்லிவிட்டு ஒரு கதை சொன்னார். ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் கிரேக்கர்கள் என்று ஒரு ஜனம். சமுத்திரத்துக்கு அந்தண்டை. மேட்டு நிலம், கல்லுப் பூமி, நம் செஞ்சிப் பக்கம் மாதிரி என்று வைத்துக்கொள். அவர்கள் பேச்சில் மண்ணுக்குச் சின்னதாக ஒரு சொல், 'கே' என்று ஒரே எழுத்து. வேலைக்கு வேறொரு சொல். இரண்டையும் ஒன்றாகக் கட்டி, மண்ணில் பாடுபடுகிறவனை அதைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். முதலில் அது யாருக்கும் பெயர் இல்லை. உழுகிறவனை உழுகிறவன் என்று சொல்வது, அவ்வளவுதான். பிறகு யாரோ ஒருவர் அதைப் பிள்ளைக்குப் பெயராக வைத்தார்கள். யார் வைத்தது என்று கேட்டேன், அது எழுதியில்லை என்றார். ஒரு தாயாகத்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஏர் ஓட்டிவிட்டுக் காலெல்லாம் சேறாக வந்த புருஷனைப் பார்த்தாள், மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள், இவனும் அவனே என்று வைத்துவிட்டாள். அவளும் கேப்பைக் கூழ் மாதிரி ஏதோ ஒன்றைத்தான் குடித்திருப்பாள்.

அப்புறம் அந்தப் பெயர் உள்ள ஒருத்தர் பட்டாளத்தில் சேர்ந்தார். அந்தத் தேசத்து மகாராஜா தன் சாமிகளைக் கும்பிடச் சொன்னான், இவர் முடியாது என்றார், தலையை வெட்டினான். குதிரையும் ஈட்டியும் பாம்பும் பிற்பாடு ஜனங்கள் ஆசைக்குச் சேர்த்துக்கொண்டது என்று சாமியாரே ஒப்புக்கொண்டார். அவர் பெயர் தேசம் தேசமாகப் போனது. இங்கிலீஷ்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய ராஜாக்கள் அதை வைத்துக்கொண்டது இதற்கெல்லாம் எத்தனையோ நூறு வருஷம் கழித்து, நேற்று என்று சொல்கிற மாதிரி. "ராஜா கடைசியா வந்தவன். கலப்பைக்காரன் மொதல்ல வந்தவன். யார் பேர யார் எடுத்துக்கினாங்க, நீயே சொல்லு" என்றார் சாமியார். பிரெஞ்சுக்காரர் வாயில் நம் ஊர்ப் பேச்சு கொஞ்சம் கோணலாகத்தான் வரும். ஆனால் அவர் சொன்னது எனக்கு நேராக வந்து விழுந்தது.

இப்போது நீ பார்த்திராத ஊருக்கு வா. பார்த்தாய், ஆனால் கைப்பிள்ளை. உன் அப்பா திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம், பெண்ணையாற்றங்கரையில் ஒரு பெரிய பண்ணையில் ஆள். அவர் அப்பாவும் அங்கேதான் ஆள். அந்தப் பண்ணையில் ஒரு வழக்கம். ஆளுக்குப் பிள்ளை பிறந்தால் தாய் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஆண்டை முன்னால் நின்று பெயர் கேட்க வேண்டும். அவர் வாயில் என்ன வருகிறதோ அதுதான் பெயர். அவர் வீட்டில் யாருக்கும் அந்தப் பெயர் இருக்கக்கூடாது, கேட்கிறவனுக்குச் சிரிப்பு வர வேண்டும், அவ்வளவுதான் இலட்சணம். நம் ஜனத்துக்குக் கோயிலில் ஒரு பெயர், களத்தில் ஒரு பெயர். உன் அப்பாவுக்குக் கோயிலில் சூசை. களத்தில் அமாவாசை. அமாவாசை அன்றைக்குப் பிறந்ததால் இல்லை, கறுப்பாகப் பிறந்ததால். கல்யாணமான புதிதில் அவரை யாரோ சூசை என்று கூப்பிட்டார்கள், அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

உனக்குத் தலை நின்ற பிறகு உன்னைத் தூக்கிக்கொண்டு நான் களத்துக்குப் போனேன். நெல் தூற்றிக்கொண்டிருந்தார்கள். உன் அப்பா கையில் முறம். ஆண்டை பாக்கு மென்றுகொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார், கணக்குப்பிள்ளை பக்கத்தில்.

"இன்னாடி, பேருக்கு வந்தியா? காளையா, கெடேரியா?"

"ஆம்பளப் புள்ளைங்க ஆண்டே."

"மண்ணாங்கட்டின்னு வெச்சிக்க. போ."

"கோயில்ல வெச்சாச்சுங்க ஆண்டே."

"அது கோயிலுக்கு. இங்க இன்னா?"

"இங்கயும் அதாங்க. சார்சுங்க."

கணக்குப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். ஆண்டைக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பிறகு மடியிலிருந்து ஒரு காசை எடுத்து, ராஜா தலை மேலே தெரிகிற மாதிரி கட்டில் சட்டத்தில் வைத்தார். "இவனா? அடேங்கப்பா. ராஜா நம்ம களத்துக்கு சாணி வழிக்க வர்றாருய்யா. குந்த பலகை எடுத்துப் போடுங்க" என்றார். களத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். உன் அப்பாவும் சிரித்தார். சிரிக்காமல் இருக்க முடியாது, ஆண்டை சிரிக்கிறபோது.

ராஜா பெயர் என்பதால்தான் அவருக்குக் கோபம் வரும், அது ராஜா பெயர் இல்லை என்று சொல்லிவிட்டால் விட்டுவிடுவார் என்று நான் கணக்குப் போட்டேன். சாமியார் எனக்குச் சொன்ன பதிலையே அவருக்கும் சொன்னேன். "ராஜான்னு அர்த்தம் இல்லிங்க ஆண்டே. பெரிய அர்த்தம் ஒண்ணும் கெடையாதுங்க. குடியானவன்னுதான் அர்த்தமாம்."

சிரிப்பு நின்றது. முறத்திலிருந்து நெல் விழுகிற சத்தம் கூட நின்றது. நீ திண்டிவனத்தில் வளர்ந்து விழுப்புரத்தில் சம்பளக்காரன் ஆனவன், உனக்கு இது விளங்காது. அந்த மண்ணை உழுதவர் உன் அப்பா. நாற்று நட்டவள் நான். ஆனால் அந்த ஊரில் குடியானவன் என்றால் நிலம் வைத்திருக்கிறவன். கலப்பையைத் தொடாதவன். நாங்கள் ஆள். ராஜா என்று பெயர் வைத்திருந்தால் அது வேடிக்கை, சிரித்துவிட்டு விட்டிருப்பார். ராஜா எங்கேயோ இருக்கிறான், ராஜாவால் அவருக்கு ஒன்றும் குறையாது.

"யாரு குடியானவன்?" என்றார்.

"பேருங்க ஆண்டே. பேருக்கு அர்த்தம்."

"உம் புள்ள குடியானவன்னா நான் யாருடி?"

உன் அப்பா முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து மண்ணில் விழுந்தார். "பச்ச ஒடம்புக்காரிங்க ஆண்டே, அவளுக்கு இன்னா தெரியும்" என்றார். ஆண்டை அவரைப் பார்க்கவே இல்லை, உன்னைப் பார்த்தார். "பொழுது சாயறதுக்குள்ள பேர மாத்திக்கினு வந்து சொல்லு. இல்லன்னா நீங்க குடிசை போட்டுக்கினு கீற மண்ணு என்னுது" என்றார். மண்ணாங்கட்டி என்று பிள்ளைக்குப் பெயர் வைக்கலாமாம். மண்ணில் பாடுபடுகிறவன் என்று வைக்கக்கூடாதாம்.

குடிசையில் உன் அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "இன்னாமே இது? ரெண்டு பேரு இருந்துட்டுப் போவட்டுமே. எனக்கு இல்லியா?" என்றார்.

"உனக்குக் கீறது போதும். இவனுக்கு ஒண்ணுதான்."

"கூரையப் பிடுங்குவாங்கமே."

"பிடுங்கட்டும். கூரையோடவா பொறந்தான்?"

அவர் என்னை அடிக்கக் கை ஓங்கினார். பிறகு அந்தக் கையாலேயே உன்னை வாங்கிக்கொண்டார். பொழுது சாய்கிறபோது ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களும் நம் சேரி ஆட்கள்தான், ஆண்டை அவர்களைத்தான் அனுப்புவார். கீற்றைப் பிடுங்கினவர்களில் ஒருவர் உன் அப்பாவின் சொந்தச் சித்தப்பா. "கோச்சிக்காதடா" என்று சொல்லிக்கொண்டே பிடுங்கினார். சட்டிப்பானையைக் கட்டிக்கொண்டு நடந்தோம். விழுப்புரம் வந்து, அங்கிருந்து திண்டிவனம். விழுப்புரம் ஸ்டேஷனுக்கு எதிரில் ஒரு மரத்தடியில் உனக்குப் பால் கொடுத்தேன். இன்றைக்கு நீ யூனிபாரம் போட்டுக்கொண்டு தேசமணி என்று சொல்லித் திரிகிறாயே, அதே ஸ்டேஷன்.

இங்கே உன் அப்பா மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கினார். அந்த மூட்டைதான் அவர் நெஞ்சைக் கொன்றது, அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். சந்தையில், தெருவில், ஆள் கூட்டம் இருக்கிற இடமாகப் பார்த்து அவர் உன்னை உரக்கக் கூப்பிடுவார். "டேய் சார்சு." நீ ஓடிவந்து "இன்னாப்பா" என்பாய். "ஒண்ணுமில்ல, சும்மா" என்பார். நீ அலுத்துக்கொள்வாய். எனக்கே சில நாள் எரிச்சல் வரும், வேலையற்ற மனுஷன் என்று திட்டுவேன். அவர் யாரையும் உரக்கக் கூப்பிட்டு வளர்ந்தவர் இல்லை. உன் பெயரைக் கத்தினால் தடுக்க அங்கே ஒருத்தரும் இல்லை என்பதை ஒவ்வொரு நாளும் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது கேள். அந்தப் பெயர் ராஜாவுடையது, உங்களுடையது இல்லை என்று என் முன்னால் காசை வைத்துச் சொன்னவர்கள் இந்த உலகத்தில் இரண்டு பேர். ஒருத்தர் ஆண்டை. இன்னொருத்தன் நீ. அவர் கட்டில் சட்டத்தில் வைத்தார், நீ சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாய். ஆரோக்கியம் இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "எம்மா, இத எழுத வேணாம். அண்ணன் தாங்காது" என்கிறாள். தாங்காவிட்டால் போகட்டும், எழுதுடி என்றேன். எழுதிவிட்டாள்.

சுதந்திரம் வந்து கொடி ஏற்றின அன்றைக்கு அந்தப் பண்ணை ஊரில் கொடி ஏற்றியது யார் தெரியுமா? அதே ஆண்டை. கதர் கட்டிக்கொண்டு, தலையில் குல்லாய் வைத்துக்கொண்டு. அந்த ஊரிலிருந்து சந்தைக்கு வந்த ஆள் சொன்னான். நம் ஜனம் களத்து ஓரமாக நின்று பார்த்தார்களாம். ஆளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தாராம், பெயர் சொல்லிக் கூப்பிட்டு. களத்துப் பெயரைச் சொல்லி. உன் தேசத்தை நான் குறை சொல்லவில்லை. தேசம் வந்தது நல்லதுதான், எனக்கும் சந்தோஷம்தான். தேசம் வந்ததும் நீ முதலில் தூக்கி எறிந்தது எதை என்பதுதான் என் கேள்வி. ராஜா போய்விட்டான் என்கிறாய், அவன் தலை போட்ட காசை மட்டும் சம்பளத்தில் எண்ணி வாங்கிக்கொள்கிறாய். உன் கூட்டாளிகள் கேலி செய்தால், இது கலப்பைக்காரன் பெயர்டா, ராஜா திருடிக்கொண்டது என்று திருப்பிச் சொல்ல உனக்கு வாய் இல்லையா? களத்தில் அத்தனை பேர் முன்னால் எழுதப் படிக்கத் தெரியாத நான் சொன்னேன். நீ ரயிலையே சத்தம் போட்டு நிறுத்துகிறவன், ஷெட்டில் சொல்லக் கூசுகிறாய்.

கோயில் புத்தகத்தில் ஜார்ஜ் அப்படியே இருக்கும், வெளியில்தான் தேசமணி என்று சாமியார் சமாதானம் சொன்னாரே, அதைத்தான் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. கோயிலில் ஒன்று, வெளியில் ஒன்று. உன் அப்பா கூரையைப் பறிகொடுத்துத் தப்பித்த இடத்துக்கு நீ ரயில் ஏறித் திரும்பிப் போயிருக்கிறாய்.

லூர்துமேரி மேல் எனக்குக் கோபமில்லை. நல்ல பெண், என்னைப் பார்த்ததும் ஓடிவந்து காலைக் கழுவத் தண்ணீர் எடுத்தாள். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடு. ஏய் என்றோ இந்தா என்றோ கூப்பிடாதே. நாளைக்குப் பிள்ளை பிறந்தால் பெயர் கேட்டு யார் முன்னாலும் போய் நிற்காதே. உன் தலைவர்கள் முன்னாலும் நிற்காதே, என் முன்னாலும் நிற்காதே. நீங்கள் இரண்டு பேரும் வையுங்கள், ஒன்று வையுங்கள். வைத்ததற்கு யாராவது காசை எடுத்துக் காட்டினால் அந்தக் காசைப் பிடுங்கி எறியுங்கள்.

வருகிற ஞாயிறு இரண்டாவது ஓலை. முதல் ஓலையில் யாரோ ஒரு அந்நியனுக்கு நான் சிலுவை போட்டு ஜெபம் செய்துவிட்டேன், அது வீணாகப் போகட்டும். இரண்டாவது ஓலையிலும் தேசமணி என்று வாசித்தால், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்பாரே, அப்போது நான் எழுந்திருப்பேன். சூசைக்கும் எனக்கும் அப்படி ஒரு பிள்ளை பிறக்கவில்லை என்று சொல்வேன். ஞானம்மா இடித்தாலும் உட்கார மாட்டேன். ஆரோக்கியம் அழுகிறாள், அழட்டும். நான் செய்வேனா என்று உனக்குச் சந்தேகம் இருந்தால் களத்துக் கதையை மறுபடி மேலே போய்ப் படி.

இப்போது உறை மேல் எந்தப் பெயரை எழுதுவது என்று கேட்கிறாள். சார்சு என்று எழுதச் சொல்லிவிட்டேன், பள்ளிக்கூடத்து எழுத்தில் இல்லை, உன் அப்பா கூப்பிட்ட மாதிரியே. ஷெட் வாசலில் தபால்காரன் அதை எல்லார் முன்னாலும் உரக்கப் படிப்பான். அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்று நீ சொன்னால் கடிதம் எனக்கே திரும்பி வந்துவிடும், நானும் ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியதைச் செய்வேன். இந்த வரியை நீ படிக்கிறாய் என்றால், அந்தப் பெயருக்கு நீ கை நீட்டிவிட்டாய். ஒரு தரம் நீட்டின கையை மடக்காமல், சனிக்கிழமை வண்டி ஏறி வா. வந்து சாமியாரிடம் உன் வாயால் சொல். மேலே விட்ட இடத்தை நீயே நிரப்பிக்கொள்.

இப்படிக்கு,
குடியானவனைப் பெற்றவள்